தலைக்கவசத்துக்கு ஒரு சான்று

கண்ணாடிப் பெட்டியை வைக்க இடம் போதாமல் ஓட்மார் கேக் தட்டுகளை முழங்கையால் ஒதுக்கினார். மகள் ஹென்ரிகேயைப் புதைத்துவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உணவு விடுதியின் பின்கூடத்தில் முப்பது பேர் கறுப்பு உடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் காலாட்படைத் தோல் தலைக்கவசம். முன்னால் பித்தளைக் கழுகு, உச்சியில் கூர்முனை.

"ஹென்ரிகே என் அறுபதாம் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. ஊர் மியூசியத்துக்குத் தரப்போறேன், வீலாந்த்," என்றார் மருமகனிடம். "கீழ அவ பேரு போடுவாங்க. உன் கையால ஒரு சான்று கேக்குறாங்க. நீ எழுதிட்டா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க."

உண்மைதான். பழைய தலைக்கவசங்களில் அசல் எது, போலி எது என்பதில் அந்த வட்டாரத்துச் சேகரிப்பாளர்கள் அவன் கையெழுத்தைத்தான் நம்பினார்கள்.

"இப்பவேவா?" என்றாள் ஓட்மாரின் தங்கை கெர்லிண்டே. "மண்ணு கூட காயல. அவன் ஒரு வாய் சாப்பிடட்டும்."

"மூணு நாளா சாப்பிடாதவன் இப்ப சாப்பிடப்போறானா? ரெண்டு வரி எழுதினா இளைச்சிட மாட்டான்."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன், அந்தப் பிறந்தநாள் விருந்தில், வீலாந்த் அதைக் கையில் வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "அசல்தான்" என்று சொன்னான். ஹென்ரிகே அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புற ஊதா விளக்கில் வைத்துப் பார்க்காமல் அவன் எதையும் அசல் என்று சொன்னதில்லை, அன்று சொன்னான்.

தோலுக்கு எண்ணெய் போட என்று பிறகு வீட்டுக்கு வாங்கி வந்து, சமையலறையை இருட்டாக்கி, அந்த விளக்கைக் காட்டினான். நெற்றி மறைப்பைத் தைத்திருந்த நூல் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. பழைய நூல் அப்படி ஒளிராது; தலைக்கவசம் போலி. ஹென்ரிகே பக்கத்தில்தான் நின்றாள்.

"அப்பா இருக்கிற வரைக்கும் சொல்லாத," என்றாள். "அப்புறம் உன் இஷ்டம்."

முதலில் போவது அவர்தான் என்று இருவருமே நினைத்திருந்தார்கள்.

ஓட்மார் தன் பேனாவை அவன் முன் வைத்தார். வீலாந்த் அதைத் தொடவில்லை. அந்த விளக்கு அவனிடம் மட்டுமா இருக்கிறது? மியூசியத்தில் என்றைக்காவது ஒருவன் அறையை இருட்டாக்குவான். கீழே அவள் பெயர் இருக்கும்.

"மியூசியத்துக்கு வேண்டாம், ஓட்மார்."

"ஏன்?"

கெர்லிண்டே காப்பி கலக்குவதை நிறுத்தினாள்.

"எனக்கு வேணும்."

ஓட்மார் அவனையே பார்த்தார். "உன் அலமாரில இருபது முப்பது இருக்கே. போதாதா?"

"இது இல்லையே."

"அவ எனக்குக் கொடுத்ததுடா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்குற. அவளப் புதைச்ச அன்னிக்கே."

பக்கத்து மேசையில் பேச்சு ஓய்ந்தது. கெர்லிண்டே தன் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "சந்தைல நல்ல விலை போகும், இல்ல?"

"போகும்," என்றான் வீலாந்த்.

ஓட்மார் பெட்டியை ஒரு தள்ளு தள்ளினார். ஒரு கோப்பை கவிழ்ந்து, காப்பி மேசை விரிப்பில் பரவியது. யாரும் துடைக்கவில்லை.

"எடுத்துட்டுப் போ. இனிமே இது என் கண்ணுல படக் கூடாது. நீயும்தான்."

முப்பது பேர் நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டார்கள். யாரும் கை கொடுக்கவில்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. பெட்டியை முன் இருக்கையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். தெருமுனை வருவதற்குள் பெல்ட் போடச் சொல்லும் எச்சரிக்கை ஒலி கேட்கத் தொடங்கியது. பெட்டியின் கனத்தை வைத்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதாக வண்டி எடுத்துக்கொண்டது.

ஓரமாக நிறுத்தினான். பெட்டியைப் பின்னால் மாற்றியிருக்கலாம். அவன் குனிந்து பக்கத்து இருக்கையின் பெல்ட்டை இழுத்து, பெட்டிக்குக் குறுக்கே கொண்டுவந்து பூட்டினான்.

ஒலி நின்றது. அவன் உடனே வண்டியை எடுக்கவில்லை.