கடல் நிறப் படகு

கப்பல் தெரிந்தால் கையசைக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. படகிலிருந்த பத்தொன்பது பேரும் அறிந்திருந்தனர். முதல் பயணத்தில் அவர்களைக் காப்பாற்றிய கப்பல், தேநீரும் கம்பளியும் தந்து, எந்தத் துறைமுகத்திலிருந்து தப்பினார்களோ அங்கேயே கொண்டுபோய் இறக்கிவிட்டது. அங்கு நான்கு ஆண்களைத் தனி வேனில் ஏற்றினார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு தகவல் இல்லை.

ஆகவே இம்முறை படகுக்கும் தார்ப்பாய்க்கும் கடலின் நிறத்திலேயே பெயின்ட் அடித்திருந்தனர். கப்பல் தென்பட்டதும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தார்ப்பாய்க்குள் அடங்கிவிடுவார்கள். ஐந்து கப்பல்கள் அவர்களைப் பார்க்காமலே போய்விட்டன.

ஒன்பதாம் நாள் காலை, மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல இருமல் மருந்து பாட்டிலின் மூடியால் தண்ணீர் அளந்தார். தலைக்கு நான்கு மூடி. முதல் பயணத்துக்குப் பிறகு, காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட்டதற்காக ராணுவம் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. பிடிபட்டால் அந்த வேன் அவருக்குத்தான். அவருடைய அக்கா மகள் மூன்று நாட்களாகக் காய்ச்சலில் கிடந்தாள். மூடியை உதட்டில் வைத்தால், பாதி கன்னத்தில் வழிந்தது.

"இன்னொரு மூடி ஊத்துடா தம்பி."

"அப்புறம் தரேன்க்கா."

எஞ்சினைப் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கை எல்லோரும் அட்மிரல் என்றே அழைத்தார்கள். அக்கா அவனிடம் திரும்பினாள்.

"ஏம்ப்பா அட்மிரல், இன்னிக்காவது கரை தெரியுமா?"

"நமக்குத் தெரியும்க்கா. கரைக்கு நம்மளத் தெரியுமான்னுதான் சந்தேகம். பெயின்ட் அப்படி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் உதடு வெடிக்கும்.

நண்பகலில் ஆறாவது கப்பல் தெரிந்தது. அட்மிரல் எஞ்சினை நிறுத்தினான். கைகள் பழக்கத்தில் தார்ப்பாயை இழுத்தன.

"தலைய உள்ள இழு, மருந்து. உன் வழுக்கை கலங்கரை விளக்கம் மாதிரி மின்னுது," என்றான் அட்மிரல்.

உள்ளே நீல வெக்கை. எதிரே இருந்தவரின் முழங்காலைப் பார்த்தபடி ஒவ்வொருவரும் அமர்ந்திருந்தனர். பயம்கூட இல்லை, வரிசையில் நிற்பவர்களின் அலுப்பு மட்டும் இருந்தது. கப்பலின் இரைச்சல் நெருங்கியது. மருந்துக்கடைக்காரர் அக்கா மகளின் நாடியைப் பிடித்திருந்தார். இருமுறை எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை இருமுறையும் தவறியது.

"டிரம் காலிக்கா," என்றார். "காலைல ஊத்துனதுதான் கடைசி."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவருடைய சட்டையை இரண்டு கைகளாலும் இறுகப் பற்றினாள்.

"வேண்டாம்டா. உன்னை விட மாட்டாங்க."

"தெரியும்."

"இவளும் வேணும். நீயும் வேணும்டா எனக்கு."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டை அவளுடைய கைகளிலேயே தங்கிவிட்டது. தார்ப்பாயை விலக்கி எழுந்தார்.

"உக்காருய்யா! எல்லாரையும் மாட்டிவிடாதே!" என்று அட்மிரல் அவர் காலைப் பிடித்து இழுத்தான்.

வெற்று மார்போடு, தடுமாறி, மருந்துக்கடைக்காரர் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கப்பலைப் பார்த்து அசைத்தார்.