மாவு மாஸ்டரின் மூச்சு

பேக்கரியில் மாவு பிசைகிற மாஸ்டருக்கு விடுமுறை நாளில் மட்டும் தும்மல் வராது. அன்றைக்கு மனிதர் ஜம்மென்று இருப்பார். மறுநாள் காலை மூட்டையைப் பிரித்தால் போதும், மூக்கு அடைத்து, நெஞ்சு இறுகி, மூச்சோடு விசில் சத்தம் கிளம்பிவிடும். வேலை போய்விடுமோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. மனைவிதான் பிடித்துத் தள்ளாத குறையாக டாக்டரிடம் அனுப்பினாள், தன் தம்பியைத் துணைக்குச் சேர்த்து.

"மாவுத்தூசி உங்களுக்கு ஒத்துக்கல. ஆஸ்துமா ஆரம்பிச்சிருக்கு" என்று மருந்து கொடுத்தார் டாக்டர்.

மாஸ்டர் நம்பவில்லை. "இருபது வருஷமா எனக்குச் சோறு போடுது. அதுவா என்னைக் கவுக்கும்?"

மைத்துனன் எலக்ட்ரீஷியன். வாய் சும்மா இருக்காது. "கண்ணால பாத்தா நம்புவீங்களா மாமா?"

மறுநாள் பேக்கரி முதலாளியம்மாவிடம் கேட்டுக்கொண்டு விளக்குகளை அணைத்தான். எதிர்ப்பக்கம் நின்று பெரிய டார்ச்சை அடித்தான். மாஸ்டர் வழக்கம்போல மூட்டையை நெஞ்சுயரத்தில் தூக்கி, பிசையும் மெஷினில் கொட்டினார். ஒளியில் மாவு புகையாக எழும்பி அவர் முகத்தைச் சுற்றிக்கொண்டது.

முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இதையா தினமும் மூச்சுல இழுக்குறோம்?"

மாஸ்டர் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

"இத்தனை மாசமா ஏன் மறைச்சீங்க? உங்க கையை நம்பித்தானே கடையே நிக்குது" என்று அந்தம்மா கடிந்துகொண்டார்.

அந்த வாரமே மெஷினுக்கு மூடி வந்தது. தூசியை இழுத்து வெளியே தள்ளும் குழாயை மைத்துனனே பொருத்தினான். மாவை உயரத்திலிருந்து கொட்டுவது போய், மூட்டையின் வாயைத் தாழ்த்தி மெல்லச் சரிப்பது பழக்கமாயிற்று. துடைப்பத்துக்கு ஓய்வு, தரையைச் சுத்தம் செய்ய உறிஞ்சும் மெஷின். மூட்டை பிரிக்கும்போது போட மாஸ்க்கும் உண்டு. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது என்றார்கள். மாஸ்டர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மழித்தார். கதவைத் திறந்த மனைவி, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து, மூச்சின் வேகத்தை அளக்க டாக்டர் ஊதச் சொன்ன குழாயில் மாஸ்டர் ஊதினார். முதல் தடவை வந்தபோது இருநூற்றுத் தொண்ணூறில் நின்ற முள், நானூற்று முப்பதைத் தொட்டது.

"நானும் ஊதறேன்" என்று மைத்துனன் வாங்கி ஊதினான். முந்நூற்று எழுபதைத் தாண்டவில்லை.

"இது ரிப்பேர் டாக்டர். கழட்டிப் பாத்துடலாமா?" என்று சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

மாஸ்டர் வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். நடுவே ஒரு இருமல்கூட வரவில்லை.