எதிராளி எண் ஒன்று

நீலமேகத்தின் கடையில் படகு எஞ்சின் சாமான்கள் விற்பனை. காரைக்கால்மேட்டுக்குப் போகிற சாலையில், பெட்ரோல் பங்கைத் தாண்டி இரண்டாவது கடை. வருகிறவர்கள் பம்ப் என்ன விலை, பெல்ட் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதற்கு மேல் அவனிடம் கேட்க ஊரில் யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. அதனால்தான், கல்லூரியில் கூடப் படித்த சுவாமிநாதன் 2006 மாசி மாதம் ஒருநாள் வந்து, "மாப்ள, நீ சீட்டாடும்போது ஒன் மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டபோது நீலமேகம் கையிலிருந்த பம்பைக் கல்லாமேல் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தான்.

சுவாமிநாதன் கோட்டுச்சேரிக்காரன். ஊரில் நிலம் இருந்தும் வயலில் கால் வைக்காமல் கம்ப்யூட்டர் படித்தவன். டவுனில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அதில் பாதியை ப்ளைவுட் வைத்து மறைத்து, உள்ளே வெளிநாட்டுக்காரர்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பான். இப்போது பிரான்சிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. போக்கர் கற்றுக்கொள்கிறவர்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரோடு ஆடிப் பழக ஒரு மென்பொருள். அவர்களிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. ஆனால் அது எல்லோரிடமும் ஒரே மாதிரி ஆடியது. இரண்டு நாளில் அதன் குணம் தெரிந்துவிடும். அப்புறம் யாரும் அதைச் சீண்ட மாட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவன் எப்படிப்பட்டவன் என்று எடை போட்டு, அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொள்கிற மாதிரி அதைச் செய்து தர வேண்டும்.

சுவாமிநாதனுக்கோ ஆட்டின் எது, இஸ்பேடு எது என்றே தெரியாது. நீலமேகம் சீட்டில் புலி. கல்யாணத்துக்குப் பிறகு காசு வைத்து ஆடுவதில்லை என்று அம்மையார் கோயிலில் சத்தியம் செய்திருந்தான். இதில் காசு கிடையாது. திரையில் தெரிவதெல்லாம் வெறும் சில்லுகள்தான்.

"ஆளுக்கு ரெண்டு சீட்டு. நடுவுல அஞ்சு சீட்டு எல்லாருக்கும் பொது. பந்தயத்தை ஏத்திக்கிட்டே போகணும், இல்லன்னா கவுத்துட்டு ஒதுங்கணும். அவ்வளவுதானே? இது நம்ம மூணு சீட்டுக்குச் சித்தப்பா மவன்டா" என்றான் நீலமேகம்.

ஒரு வாரத்தில் ஆட்டம் பிடிபட்டுவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையை மனைவி தமிழரசியிடம் விட்டுவிட்டு மாடிக்குப் போவான். நாலரை வரைக்கும் ஆட்டம். சுவாமிநாதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டும் பேனாவுமாக ஒவ்வொரு கைக்கும், அதாவது சீட்டுப் போடுகிற ஒவ்வொரு சுற்றுக்கும், கேட்பான்: "ஏன் இப்ப கவுத்த?" "சீட்டு ஒண்ணும் இல்லயே, எதுக்கு ஏத்தின?"

"பாவ்லா காட்டினேன்டா. அது இப்பத்தான் ரெண்டு தடவ பின்வாங்கியிருக்கு. மூணாவது தடவயும் பின்வாங்கும்."

"அதெப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நீலமேகம் அந்த மாடிப்படி ஏறினான் என்று சொன்னால் தப்பில்லை. அவன் விளக்குவான். சுவாமிநாதன் எழுதுவான். மறுநாள் அந்தப் பேச்சு புரோகிராமுக்குள் ஒரு விதியாகப் போயிருக்கும். ஒவ்வொரு எதிராளிக்கும் அது ஒரு தாள் வைத்துக்கொண்டது. நூறு கையில் எத்தனை கைக்கு உள்ளே வருகிறான், எத்தனை தடவை ஏற்றுகிறான், தன்மேல் ஏற்றினால் நிற்கிறானா ஓடுகிறானா என்று கணக்கெடுத்து, இவன் துணிச்சல்காரன், இவன் பயந்தாங்கொள்ளி, இவன் எதற்கும் வருகிறவன் என்று வகை பிரித்து, அந்தந்த வகைக்கு ஒரு ஆட்டம் ஆடியது. முதல் தாளின் தலைப்பில் "எதிராளி 1: நீலமேகம்" என்று இருந்தது. உள்ளே வருவது நூற்றுக்கு நாற்பத்தொன்று. துணிச்சல் வகை. அதைப் படித்துவிட்டு வந்த அன்று தமிழரசிக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனான்.

பங்குனி கடைசியில் அன்னபூரணி வந்து சேர்ந்தாள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். லியோன் நகரத்தில் ஏதோ தொழிற்சாலை கேன்டீனில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊர் திரும்பியவள். பிள்ளை குட்டி இல்லை. பிரான்சுக்கு மெயில் அனுப்ப சென்டருக்கு வந்தவள் திரையில் ஓடிய ஆட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அங்கே சாப்பாட்டு இடைவேளையில் கூட வேலை செய்தவர்களோடு இதைத்தான் ஆடுவாளாம்.

"உக்காந்து பாருங்கக்கா" என்று சொன்னவன் சுவாமிநாதன்தான்.

அவள் உட்கார்ந்தாள். கவிழ்த்தாள், கவிழ்த்தாள், கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு தடவை ஏற்றினாள். புரோகிராம் அவளைப் பயந்தாங்கொள்ளி வகையில் போட்டிருந்ததால் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. அவளிடம் இருந்ததோ ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டு. அதற்குப் பிறகு வரிசையாக ஆறு கை அதே மாதிரி அடித்தாள்.

சுவாமிநாதன் எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, இருங்க. இருங்க. இப்ப என்ன செஞ்சீங்க?"

நீலமேகம் பக்கத்து நாற்காலியில் இருந்தான். அவனுக்கும் ஆட்டம் புரிந்தது. முதல் கையிலேயே புரிந்தது. ஆனால் அவனை யாரும் கேட்கவில்லை.

அப்புறம் தினமும் அவளும் வந்தாள். சுவாமிநாதனின் நாற்காலி அவள் பக்கமாக நகர்ந்தது. அவளுக்குச் சர்க்கரை இல்லாத டீ என்று டீக்கடைக்காரருக்கு அவனே போன் செய்து சொன்னான். இருபது வருஷப் பழக்கத்தில் நீலமேகம் இஞ்சி டீ குடிப்பான் என்பது அவனுக்குப் பதிந்ததே இல்லை. பிரான்சுக்காரருக்கு அவள் பிரெஞ்சிலேயே பதில் எழுதிக் கொடுத்தாள். அவரை அந்த ஊர் வழக்கப்படி முசே, அதாவது ஐயா, என்றே சொல்வாள். "முசே ரொம்பக் குளுந்துட்டாரு தம்பி" என்பாள், இருவரும் சிரிப்பார்கள். அவளுடைய தாள் ஒரு பக்கம் போதாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போனது.

ஒருநாள் நீலமேகம் வாய்விட்டே கேட்டான். "ஏன்டா, என் ஆட்டத்தப் பத்தி இப்பல்லாம் ஒண்ணும் கேக்குறதில்ல?"

"ஒன்னோடது முடிஞ்சுபோச்சே மாப்ள!" சுவாமிநாதனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். "முப்பது கைக்குள்ள ஒன்னைப் புடிச்சிடுது. அக்காவத்தான் ஒண்ணும் பண்ண முடியல. அவங்க ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி."

நல்ல செய்தியாகத்தான் சொன்னான். நீலமேகத்துக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. முப்பத்தெட்டு வயது ஆள், முப்பது கையில் முடிந்துபோனான்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அன்னபூரணி புராணம்தான். அவளுக்கு ஆடவே தெரியாது, எல்லாம் அதிர்ஷ்டம், நாலு வார்த்தை பிரெஞ்சு பேசினால் பெரிய இதுவா? தமிழரசி குழம்பை ஊற்றியபடி சொன்னாள்: "சக்களத்தி வந்த மாதிரி பொருமுறீங்களே. அந்தக் கோட்டுச்சேரிக்காரருக்கு என்ன நீங்க தாலியா கட்டியிருக்கீங்க?"

அவன் கையை உதறிவிட்டு எழுந்தான். அவள் சொன்னது அவ்வளவு சரியாக இருந்ததால் வந்த கோபம்.

அது மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கும். வருஷத்தில் அவன் கடைக்கு வேலை இருக்கிற நாட்களே அவைதாம். தமிழரசி ஒற்றை ஆளாகத் தவித்தாள். அப்படியும் அவன் மாடிக்குப் போனான். போய், தன்னைத் தானே திருப்பிப் போட்டு ஆட ஆரம்பித்தான். ஏற்ற வேண்டிய இடத்தில் கவிழ்த்தான். ராஜா ஜோடி வந்தால் தூக்கிப் போட்டான். ஒருதரம் இரண்டு ஆஸ் வந்தபோது விரல் மவுஸின் மேல் நின்று மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கவிழ்த்தான். முகத்தைப் பார்த்திருந்தால் எவனும் கண்டுபிடித்திருப்பான். பார்க்கத்தான் ஆளில்லை.

அவன் தாளில் நாற்பத்தொன்று முப்பதானது, இருபதானது, பன்னிரண்டில் வந்து நின்றது. துணிச்சல் என்றிருந்த இடத்தில் பயந்தாங்கொள்ளி என்று வந்தது. அதைச் சுவாமிநாதன் பார்த்துவிட்டு, "என்னடா ஆச்சு ஒனக்கு?" என்று கேட்பான் என்று மூன்று வாரம் காத்திருந்தான். அவன் அந்தத் தாளைத் திறக்கவே இல்லை.

மே மாதம் நடுவில் பிரான்சுக்காரர் தம் ஊரிலிருந்தபடியே ஆட்டத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. அன்னபூரணி இருநூறு கை, நீலமேகம் இருநூறு கை. அவள் முதலில் ஆடினாள். புரோகிராம் அவளிடம் திணறினாலும் சமாளித்தது. அவள் பாவ்லாவை இரண்டு முறை பிடித்தும் விட்டது. சுவாமிநாதன் மேசையைத் தட்டிக் குதித்தான்.

அடுத்தது நீலமேகம். அவன் பழைய நீலமேகமாகவே ஆடினான். முதல் கையிலேயே ஏற்றினான். பயந்தாங்கொள்ளி ஏற்றுகிறான் என்றால் கையில் பெரிய சீட்டு இருக்க வேண்டும் என்று புரோகிராம் ஒதுங்கியது. இரண்டாவது கை, ஒதுங்கியது. சேர்ந்திருந்த ஆயிரக்கணக்கான பழைய கைகளுக்கு முன்னால் இந்த நாலைந்து கை அதற்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. ஒரு மணி நேரம் முடிவதற்குள் அத்தனை சில்லும் நீலமேகத்திடம் வந்து குவிந்துவிட்டன.

போன் அடித்தது. அன்னபூரணி எடுத்து, "வி முசே, வி முசே" என்று ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டு வைத்தாள். "பழகின ஆளுக்கிட்டயே இப்படின்னா புது ஆளுக்கிட்ட எப்படின்னு கேக்குறாரு. பத்து நாள் டயம் குடுத்திருக்காரு. அதுக்குள்ள சரியாகலன்னா வேற ஆளப் பாத்துக்குவாராம்."

சுவாமிநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. நீலமேகம் எதிர்பார்த்துக் காத்திருந்த சந்தோஷம் வந்தது; ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் இருந்தது; போய்விட்டது.

மறுநாள் காலையில் கடை வாசலில் அன்னபூரணி நின்றாள். கையில் அச்செடுத்த காகிதங்கள்.

"வாங்கக்கா. என்ன வேணும்?"

"ஏப்ரல் இருபத்தஞ்சுலேர்ந்து ஒங்க பேருல ஆடினது யாரு தம்பி?"

"நான்தான்."

"ராஜா ஜோடி பதினோரு தடவ வந்திருக்கு. பதினோரு தடவயும் கவுத்திருக்கீங்க. ஆடத் தெரியாதவன்கூட அஞ்சாறு தடவயாவது ஆசப்பட்டு ஏத்தியிருப்பான்." காகிதத்தைக் கல்லாமேல் வைத்தாள். "அவரு ராத்திரியெல்லாம் தூங்கல. தன் புரோகிராம்ல தப்புன்னு தேடிக்கிட்டிருக்காரு. எம்மேல என்ன கோவம் ஒங்களுக்கு?"

"ஒங்க மேல ஒண்ணும் இல்லக்கா." அவள் நகரவில்லை. அவன் பெல்ட் ஒன்றை எடுத்து ஆணியில் மாட்டினான், மறுபடி எடுத்தான். "ஒங்க மேலதான்" என்றான்.

அவள் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நீங்களே சொல்லிடுங்க. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்பறம் நான் சொல்லிடுவேன்."

பகல் பன்னிரண்டு மணிக்கே நீலமேகம் மாடி ஏறினான். சுவாமிநாதன் திரும்பாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அந்த முதுகைப் பார்த்தே நீலமேகம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். தட்டுகிற சத்தம் நின்றது.

"எத்தன நாளா?"

"மூணு வாரம்."

"மூணு வாரமா? நான் பாக்கவே இல்லயே."

"அதான்டா."

சுவாமிநாதன் திரும்பினான். புரிந்த மாதிரி ஒரு கணம் இருந்தது அந்த முகம். அடுத்த கணம் சிவந்துவிட்டது. "எதுத்து நின்னு என்னைத் திட்டியிருக்கலாம்டா. ரெண்டு அடி அடிச்சிருக்கலாம். மூணு மாச வேலைடா இது! போ. வெளில போ."

நீலமேகம் போனான். அதற்குப் பிறகு கடையிலேயே கிடந்தான். மத்தியானம் இரண்டு மணி ஆனால் கால் தானாக எழுந்திருக்கும், உட்கார்ந்துகொள்வான். சாமான் வாங்க டவுனுக்குப் போகிறபோது மாடிக்குக் கீழே சுவாமிநாதனின் வண்டியும் அன்னபூரணியின் ஸ்கூட்டியும் பக்கம் பக்கமாக நிற்கும். அதைப் பார்க்க வேண்டாம் என்று சுற்றிக்கொண்டு போவான். பாதித் தூரம் போய்விட்டு, நிற்கிறதா இல்லையா என்று பார்க்கத் திரும்பி வருவான்.

ஆனி பிறந்து, படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கி, கடையில் கூட்டம் குறைந்திருந்தது. ஒருநாள் சுவாமிநாதன் வந்தான். தமிழரசி கொடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து, தொங்குகிற பெல்ட்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"முசே ஒத்துக்கிட்டாரு. அந்த மூணு வாரத்தயும் தூக்கிட்டு, பழைய கைய விட கடைசி அம்பது கைக்கு மதிப்பு கூடுதலா வச்சேன். ஆள் திடீர்னு மாறினா இப்ப அதுக்குத் தெரிஞ்சிடுது."

"நல்லது."

"ஒன்னாலதான் அது தோணுச்சு. அதுக்காக மன்னிச்சிட்டேன்னு நெனச்சிடாத."

"நெனைக்கல."

"அக்காவும் நானும் சேர்ந்து இதையே தொழிலாச் செய்யப் போறோம்." நீலமேகம் கல்லாவைத் திறந்து மூடியதை அவன் பார்த்தானோ என்னவோ. "சனிக்கிழமை வா. ஆட ரெண்டு பேரு புதுசா வராங்க. அவங்க ஏன் கவுக்குறாங்க, ஏன் ஏத்துறாங்கன்னு கேட்டு எழுத சீட்டுத் தெரிஞ்ச ஆள் வேணும்."

"அக்கா எழுத மாட்டாங்களா?"

"அவங்களுக்கு முசேவுக்கு எழுதவே நேரம் சரியா இருக்கு."

பார்க்கலாம் என்றான் நீலமேகம். சனிக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்றரை மணிக்கே போய்விட்டான். அவனுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். புதிதாக வந்திருந்தவளின் பெயர் விஷ்ணுப்ரியா. கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். முதல் அரை மணி நேரம் பயந்து பயந்து ஆடினாள். பிறகு நடுவில் ராணி விழுந்ததும், கையில் ஜோடி இருந்தும் சட்டென்று கவிழ்த்தாள்.

"ஏன் கவுத்தீங்க?" என்றான் நீலமேகம்.

அவள் திரையைக் காட்டி, விரல் விட்டு எண்ணி, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினாள். இதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள் போலிருந்தது. அந்த நேரம் ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் அன்னபூரணி ஏதோ சொல்ல, சுவாமிநாதன் பெரிதாகச் சிரித்தான். நீலமேகத்தின் தலை தானாகத் திரும்பியது. அங்கே என்ன பேச்சு என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது விஷ்ணுப்ரியா பேசி முடித்துவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டு காலியாக இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. கவனிக்கல" என்று நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டான். "மொதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லுங்க."