நாற்பத்தொன்றாம் இலக்கப் பல்லி

சவப்பெட்டியை மூட ஆணி எடுத்தபோதுதான் அன்னப்பூரணிக்கு அந்தக் குறிப்புக் கொப்பி நினைவு வந்தது. "கொஞ்சம் பொறுங்க தம்பி" என்று கணவரின் தம்பி இளையதம்பியிடம் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். நீல மட்டைக் கொப்பியைக் கொண்டுவந்து கணவர் வினாயகமூர்த்தி மாஸ்டரின் கைக்கடியில் செருகினாள். ஆஸ்பத்திரியில் கடைசியாக அவர் சொன்ன சொல்லே "கொப்பி"தான். கேட்டதைக் கொடுத்தாயிற்று என்று மனம் சற்று ஆறியது.

பறை முன்னே போக, ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போனார்கள். பெண்கள் வாசல் படலையோடு நின்றார்கள்.

வீடு கழுவத் தண்ணீர் அள்ளும்போது நிஸ்மியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மாஸ்டரிடம் படித்தவள், இப்போது பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பிக்கிறாள். ஐந்து வருடமாக இருவரும் சேர்ந்துதான் மலைப்பக்கத்துப் பாறைப்பல்லிகளை ஆராய்ந்தார்கள். அன்னப்பூரணியைக் கட்டிப்பிடித்து அழுது ஓய்ந்த பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அன்ரி, ஸேர் கடைசியாப் புடிச்ச நாலு பல்லியும் எங்க இரிக்கி?"

அலுமாரியில் ஸ்பிரிட் போத்தலுக்குள் இருந்தன. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய இலக்கம். மாஸ்டருக்குக் கை நடுங்கும். முடிச்செல்லாம் அன்னப்பூரணி போட்டது. "ஊருக்கெல்லாம் சகுனஞ் சொல்லுற பல்லி உங்கட போத்தலுக்குள்ள விழுந்துட்டுது" என்று பகிடி பண்ணிக்கொண்டே கட்டுவாள்.

நிஸ்மியா நாற்பத்தொன்றாம் இலக்கத்தை வெளியே எடுத்து, இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறும் தொடையடித் துளைகளைப் பூதக்கண்ணாடியில் எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.

"ஸேர் சொன்னது சரி அன்ரி. இது புது இனம்தான். கொப்பியத் தாங்க, நாப்பத்தொண்டு எந்தப் பாறையில புடிச்சதெண்டு பாப்பம்."

அன்னப்பூரணி படலைப் பக்கம் திரும்பினாள்.

"பழைய பக்கமெல்லாம் என்ட போன்ல படமா இரிக்கி. இந்த நாலுக்கும் இல்ல. கொப்பிய எனக்கிட்டக் குடுக்கச் சொல்றனெண்டு ஸேர் ஆஸ்பத்திரியில இருந்து கோல் எடுத்தவர்."

"நான் பெட்டிக்குள்ள வெச்சிட்டன் மகள்."

அன்னப்பூரணி பதறிப்போய் இளையதம்பிக்குக் கோல் எடுத்தாள். அவரது போன் அலுமாரிக்கு மேலே கிடந்து அடித்தது. அவள் படலைக்கு ஓடினாள்.

"பொம்புள மயானத்துக்குப் போறதா? உனக்கென்னகா விசரா?" என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் கையைப் பிடித்து இழுத்தாள். நிஸ்மியா ஸ்கூட்டியைக் கிளப்பத் திறப்பை எடுத்தாள். அதற்குள் மயானத்திலிருந்து கேட்ட பறை நின்றுவிட்டது.

"மண் போட்டாச்சு" என்றாள் சின்னத்தங்கம்.

மூடிய குழியைத் தோண்டச் சொல்லி யாரிடம் கேட்பது? அன்னப்பூரணிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"இடந் தெரியாட்டிப் புது இனமெண்டு எழுதேலாதா மகள்?"

"ஏலா அன்ரி. அந்தப் பக்கம் முழுக்கக் கல்லுடைக்கிறாங்க. எந்தப் பாறையெண்டு தேடி முடியக்குள்ள அது இரிக்குமோ தெரியா. உங்களுக்கிட்டயாவது சொன்னவரா, எங்க போனவரெண்டு?"

எந்தக் காலில் கட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்றெல்லாம் அன்னப்பூரணி அவரிடம் கேட்டிருக்கிறாள்.

"எங்க புடிச்சதெண்டு நான் ஒருநாளும் கேக்கல்ல மகள்."

கழுவின தண்ணீர் வாசல் வழியே ஓடியது. நிஸ்மியாவின் உள்ளங்கையில் கிடந்த பல்லியின் காலில் நூல் தளர்ந்திருந்தது.

"இஞ்ச தாங்க" என்று அன்னப்பூரணி அதை வாங்கினாள். மாஸ்டர் சொல்வதுபோலவே, காலை நெரிக்காமல், இலக்கம் வெளியே தெரியும்படி இரண்டு முடிச்சுப் போட்டாள்.