ஈச்சமேட்டுப் புகை

போகி அன்று காலை ஈச்சமேட்டின் புகை மேலே போவதை நிறுத்திக்கொண்டது. தெருவில் கொளுத்திய பழைய பாயிலிருந்து கிளம்பிய புகை கூரை உயரம் வரை போய், அங்கே சற்று யோசித்து, சுவரோடு வழிந்து கீழே இறங்கி, ஆள் இடுப்பளவுக்குத் தெருவில் நின்றது. அடுப்புப் புகையும் பீடிப் புகையும் டிராக்டர் புகையும் அப்படியே செய்தன. மழை வரப்போவதாகச் சிலர் சொன்னார்கள். மழை வரவில்லை.

இதற்குக் காரணம் சிவசங்கர் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அந்த ஊரில் கரும்புக் கொல்லையும் வெல்லம் காய்ச்சும் கொட்டாயும் வைத்திருந்தவன் அவன். படித்தவன் என்பதால் கள்ளக்குறிச்சியிலிருந்து காரில் வந்த கம்பெனி அதிகாரி அவனைத்தான் முதலில் பார்த்தார். நீங்கள் விடாத புகையை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்றார். விடாத புகையை எப்படிச் சாக்கில் கட்டுவது என்று ஊர்க்காரர் தங்கதுரை கேட்டதற்கு, சிவசங்கர்தான் ஊரைக் கூட்டி விளக்கினான். தூர தேசத்தில் ஒரு சிமெண்டு ஆலை இருக்கிறது. இவ்வளவு புகைதான் விடலாம் என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்கிறது. நாம் இங்கே விடாமல் இருந்தால், அந்தப் பங்கையும் சேர்த்து அவர்கள் அங்கே விடலாம்.

"நாம பட்டினி கெடந்தா அவன் ரெண்டு எலை போட்டுத் துன்னலாம், அதானே?" என்றாள் அவன் மனைவி கலையரசி.

"ஒனக்குப் பொருளாதாரம் தெரியாது, சும்மா இரு."

வீட்டுக்கு ஓர் இரும்பு அடுப்பும், கம்பெனி பெயர் போட்ட குடையும் கொடுத்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதோடு விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஈச்சமேடு அதற்கு முன்பும் எத்தனையோ காகிதங்களில் கையெழுத்திட்டு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அதிகாரி, நிச்சயமா, நாற்பது வருஷத்துக்கும் நிச்சயமா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். அவர் மனம் குளிர வேண்டுமென்று சிவசங்கர் ஊரை அய்யனார் கோயிலுக்கு அழைத்துப் போனான். பத்திரத்தை மீறுகிறவர்கள் கூட அங்கே கற்பூர சத்தியத்தை மீறுவதில்லை. "எங்க ஊரு எல்லைக்குள்ள இனிமே பொகை மேல போவாது" என்று ஆளுக்கு ஆள் எரிகிற கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தார்கள். கற்பூரத்துக்கும் புகை உண்டு, அது பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள்தான் போகி.

பெரியவர்கள் சீக்கிரமே பழகிவிட்டார்கள். இடுப்புக்கு மேலே காற்று முன்னைவிட நன்றாகவே இருந்தது. கோழிகளைக் குரலை வைத்துத் தேடினார்கள். குழந்தைகள் மட்டும் இருமினார்கள். அவர்கள் உயரம் அவ்வளவுதான். சிவசங்கரின் மகள் தமிழ்மொழியை யாராவது தோளில் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 'புகையில்லாக் கிராமம்' என்று ஊர் முகப்பில் கம்பெனி வைத்த பலகை, குட்டையான கால்களில் நின்றதால், யார் கண்ணிலும் படவில்லை.

சிவசங்கருக்கு வந்த சோதனை வேறு. கரும்பு வெட்டியாகிவிட்டது. வெட்டிய கரும்பு காத்திருக்காது, பிழிந்த சாறு புளித்துவிடும். கொட்டாயில் கொப்பரையை ஏற்றிச் சக்கையைப் போட்டு எரித்தால், போக இடமில்லாத புகை திரும்பி அடுப்புக்குள்ளேயே நுழைந்து தீயை அணைத்தது. ஒரு கொப்பரைச் சாற்றை வாய்க்காலில் கொட்டினான். கரும்பு கொல்லையில் காய்ந்துகொண்டிருந்தது. அதிகாரிக்குப் போன் போட்டான். அவர் வந்து, முழங்காலுக்குக் கீழே தன் செருப்பைத் தேடியபடி, ஒரு கருவியை வானத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார்.

"சார், கீழ பாருங்க சார்" என்றான் சிவசங்கர்.

"மேலேர்ந்து பாத்தா ஒண்ணுமே இல்லீங்க. நாங்க மேலேர்ந்துதான் பாப்போம்" என்றார் அவர். போகும்போது வீட்டுக்கொரு காலண்டர் கொடுத்தார். அதில் தூர தேசத்து ஆலையின் புதிய புகைபோக்கி இருந்தது. புகை நேராக, அழகாக, மேலே போய்க்கொண்டிருந்தது. ஈச்சமேட்டுக்காரர்கள் அதை வெகுநேரம் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் தமிழ்மொழிக்கு இருமல் நிற்கவில்லை. கலையரசி முறத்தை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். "எம் பொண்ணு மூக்குலயா ஒனக்கு வூடு? போ, எழுந்து போ!" என்று புகையை அடித்தாள். புகை நகர்ந்தது. விரட்ட விரட்ட, மாடு போல, தெருவோடு போனது. எல்லைக் கல்லைத் தாண்டிப் பக்கத்து ஊரான நல்லாங்குளத்து மண்ணை மிதித்ததும் ஒரே தாவலில் வானத்துக்கு ஏறிவிட்டது. சத்தியம் ஊர் எல்லைக்குள்தான்.

"பொருளாதாரம் தெரியாதவ சொல்றேன், போய் அடுப்பப் பத்த வையிங்க" என்றாள்.

கூலிக்கு ஆள் வைத்துப் புகை ஓட்டினார்கள். ஆடு ஓட்டிக்கொண்டிருந்த பாப்பாத்தி இதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினாள். கரும்பில் பாதியாவது வெல்லமானது. ஈச்சமேடு சுத்தமாகவும் நல்லாங்குளம் கறுப்பாகவும் இருப்பதை மேலிருந்து பார்த்த கம்பெனி, குடைகளோடு நல்லாங்குளத்துக்குப் போனது. அவர்களும் கற்பூரம் அடித்தார்கள். புகையை அதற்கடுத்த ஊருக்கு ஓட்ட வேண்டியதாயிற்று. பிறகு அந்த ஊரும் அடித்தது. மலைமேல் இருந்த ஊர்கள், பெரிதாக எதையும் எரிக்காதவை, அவையும் குடை வாங்கின. சில வருஷங்களில் ரிஷிவந்தியம் வரைக்கும் வானத்தில் ஒரு கோடு புகை இல்லை. அதற்காகக் கம்பெனிக்கு ஏதோ விருது கிடைத்ததாகச் சொல்கிறார்கள்; எந்த ஊரில் கொடுத்தார்கள் என்பது சரியாகத் தெரியவில்லை.

சின்னசேலம் ஸ்டேஷன் வரைக்கும் எல்லா மண்ணுக்கும் சத்தியம் ஆகிவிட்டது; புகை ரயில் ஏறாது என்று மட்டும் யாரும் சத்தியம் செய்யவில்லை. அதனால் இப்போதெல்லாம் கரும்பு வெட்டும் காலத்தில் சிவசங்கர் தினமும் கொட்டாய்ப் புகையைச் சின்னசேலம் ஸ்டேஷனுக்கு ஓட்டி வந்து, சேலம் போகும் வண்டியின் கடைசிப் பெட்டியில் ஏற்றிவிடுகிறான். சேலத்துக்காரர்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கேள்வி.

"நேத்து இதவிடக் கம்மியா இருந்துச்சே" என்றாள் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்த ஒரு பூக்காரி, புகையைப் பார்த்து.

"சீசன் இல்லியா, ஜாஸ்தியாத்தான் இருக்கும். செத்த நவுந்து குந்தும்மா" என்றான் சிவசங்கர்.

அவள் கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்தாள். புகை உட்கார்ந்தது.