ரவிக்கை ஊக்கு

வீராயிக்கு அந்த இருமல் ஒரு கல்யாண வீட்டில் வந்தது. சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தவள், உதட்டில் கவ்வியிருந்த ஊக்கோடு சிரித்துவிட்டாள். புரையேறியது. இருமி ஓய்ந்து நிமிர்ந்தபோது ஊக்கைக் காணோம். "வயித்துக்குள்ளதான் போயிருக்கும், வாழப்பழம் தின்னு, வந்துடும்" என்றார்கள். அவளும் நம்பினாள்.

இருமல் நிற்கவில்லை. மழைக்காலத்தில் சளியோடு ரத்தம் வந்தது. புருஷன் தங்கராசு அரியலூருக்குக் கூட்டிப்போனான். நெஞ்சைப் படம் பிடித்த டாக்டர், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "டி.பி.தான்" என்றார்.

படத்தின் நடுவே ஊக்கு வெள்ளையாகத் தெரிந்தது.

"சார், அந்த ஊக்க நான் முழுங்கிட்டேங்க."

"அது ரவிக்கையில இருந்ததும்மா. கழட்டிட்டு நில்லுன்னா கேக்குறீங்களா?"

"கழட்டிட்டுத்தாங்க நின்னேன்."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்ததும் தங்கராசு, "டாக்டர விட ஒனக்குத் தெரிஞ்சுடுச்சாக்கும்" என்றான்.

அன்றிலிருந்து அவளுக்கு மாட்டுக்கொட்டகையில் படுக்கை, தனித்தட்டு. ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கட்டிப்போனது. மகள் கண்ணகியை மாமியார் அவள் கிட்டே விடவில்லை.

காய்ச்சல் முற்றிய ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் திருச்சிக்குப் பஸ் ஏறினாள். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவளைப் பக்கவாட்டில் நிற்க வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். ஊக்கு நெஞ்சுக்கூட்டின் உள்ளே, மூச்சுக்குழாயில் வாயைத் திறந்தபடி கிடந்தது.

"உங்களுக்கு டி.பி. இல்லம்மா. முதல்லயே பக்கவாட்டுல ஒரு படம் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வீராயிக்கு நிம்மதி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

தொண்டை வழியே குழாய் விட்டு எடுத்தார்கள். சேதி கேட்டு தங்கராசு ரொட்டியோடு வந்தான். "சரியாயிடுச்சுல்ல, வா வூட்டுக்கு."

"எந்த வூட்டுக்கு? கொட்டாயிக்கா?"

"டாக்டரு சொன்னாரு, நான் என்னா பண்ணட்டும்?"

"நானும்தான் சொன்னேன். வாயி இருக்குற மனுசி சொன்னேன்ல?"

ஊருக்கு அவனோடு போனாள், பிள்ளைக்காக. கண்ணகி அவளைக் கண்டதும் பாவாடையால் வாயை மூடிக்கொண்டு மாமியார் பின்னால் ஒளிந்தாள். அப்படிப் பழக்கியிருந்தார்கள். வீராயி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். தங்கராசு ரோடு வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவள் திரும்பவில்லை.

திருமழபாடி பஸ்ஸில், அம்மா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், பிள்ளை கையால் வாயை மூடியே வைத்திருந்தது. கொள்ளிடக் காற்று முகத்தில் அடித்தபோது வீராயி அந்தச் சின்னக் கையை மெல்ல விலக்கினாள். "மூச்ச நல்லா விடு, தாயி" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.