கணீர்க் குரல்

ஓய்வுபெற்ற மறுநாள் காலையிலிருந்து உளவுத்துறை அதிகாரி உண்மை பேசினால் சத்தம் வரவில்லை. வாயிலிருந்து கறுப்பு நாடாதான் வந்தது. பசிக்கிறது என்றால் ஓர் அங்குலம், முட்டி வலிக்கிறது என்றால் இரண்டு. பொய்க்கு ஒரு தடங்கலும் இல்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை சுத்தமாக இருக்கிறது என்றார். மனைவி நாடாவைப் பெருக்கித் தள்ளப் பழகிக்கொண்டாள். முப்பது வருஷமாக அலுவலக விஷயம் ஒன்றையும் வீட்டில் மூச்சுவிடாத மனுஷன். இந்த மட்டுமாவது வருகிறதே என்று அவளுக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

அந்த வருஷம் தேர்தல். ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் பழைய ராணுவத்தாரையும் உளவுக்காரர்களையும் திரட்டித் தேசக் காப்பு மன்றம் தொடங்கினார். எதிரணி வென்றால் நாடு ஒரு வாரம் தாங்காது என்று மன்றம் அறிக்கை விட்டது. நாற்பத்திரண்டு பேர், பெயரைவிட நீளமான பழைய பதவிகளைப் போட்டுக் கையெழுத்திட்டார்கள். மேடைப் பேச்சு அதிகாரியின் தலையில் விழுந்தது. பதினோரு ஊர்களில் இரண்டிரண்டு மணி நேரம் பேசினார். ஓர் இழைகூட விழவில்லை. "என்ன குரல் சார், கணீர்னு இருக்கு!" என்று கர்னல் கட்டிக்கொண்டார். மற்ற நாற்பத்தொரு பேருக்கும் அந்தக் கோளாறு உண்டா என்பது தெரியவில்லை; தெரிந்துகொள்ள அவர்கள் யாருக்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் நர்ஸ் ஒருத்தி வீடு தேடி வந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் விசாரணைக்கென்று கூட்டிப்போன அவள் புருஷன் திரும்பவே இல்லை. கூட்டிப்போன முகத்தை மேடையில் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது என்றாள்.

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாதும்மா."

அடுப்படியில் மனைவியின் கை நின்றது. முந்தானையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அடுப்படி வரைக்கும் கணீர்னு கேட்டுச்சுங்க. இப்ப எனக்குக் கேக்காத மாதிரி சொல்லுங்க."

அதிகாரி நர்ஸுக்கு எதிரில் உட்கார்ந்தார். பிறகு வாயைத் திறந்தார். பொழுது சாயும்வரை நாடா நிற்கவில்லை. மனைவி முழங்கையில் சுற்றிச் சுற்றி எடுத்து, கட்டி, நர்ஸின் மடியில் வைத்தாள். அதில் ஓர் எழுத்தும் இல்லை. நர்ஸ் அதை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள்.

"தெரியாதுன்னீங்களே" என்றாள். எடுத்துக்கொண்டு போனாள்.

சேதி பரவியதும், உடல்நலக் காரணத்தால் அதிகாரி விலகிக்கொண்டதாக மன்றம் அறிவித்தது. மன்றம் ஆதரித்த அணி அமோகமாக ஜெயித்தது. காணாமல்போன தங்கள் ஆட்களைக் கேட்டு வாசலுக்கு ஜனங்கள் வரத் தொடங்கவே, மனைவி ஆறு நாற்காலிகள் வாங்கிப் போட்டாள். அடுத்த மாதம் இன்னும் ஆறு. யாரும் ஆச்சரியப்படவில்லை. கடைத்தெரு ஜவுளிக்காரர் மட்டும், கறுப்பு நாடாவை இப்போதெல்லாம் யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.